ஒலிபெருக்கியில் மேலாளர் குரலில் பேசியது பற்றி

என் பெயரைக் காவல் நிலைய அலுவலர் தனித்தாளில் எழுதிக்கொண்டார். வயது பதினாறு. பதினோராம் வகுப்பு. சலவை நிலையத்தின் பின்தெருவில், மூன்றாம் மாடியில், அம்மாவுடன் குடியிருக்கிறேன். அம்மா அந்தச் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறார். அங்கே துணியின் சுருக்கம் போகும், ஆள் சுருங்கிப்போவார்.

புகார் கொடுத்த மேலாளர் மேடம் திங்கள்தோறும் ஊழியர்களை நிற்கவைத்து மனவுறுதி வகுப்பு எடுப்பவர். "காய்ச்சல்னு நெனச்சாத்தான் காய்ச்சல்" என்பது பாடம். உட்கார்ந்து நடத்துவார்.

சம்பவத்தன்று காலை அம்மாவுக்கு நூற்று மூன்று டிகிரி. போகாதே என்றேன். "போடி, மேடம் மூஞ்சிய நெனச்சாலே வேர்த்துக் காய்ச்சல் எறங்கிடும்" என்று கிளம்பிவிட்டார். அதன் பிறகு மதியம் மாத்திரை கொண்டுபோனேன். மேடம் அறை காலியாக இருந்தது. காவலாளி, "ரெண்டு தும்மல் வந்துச்சு, பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாத பாப்பா" என்றார். அதன் பிறகு மேசைமேல் இருந்த மைக்கை எடுத்து, மேடம் குரலில், "ஒடம்பு முடியாதவங்க எல்லாம் வீட்டுக்குப் போகலாம், சம்பளம் பிடிக்கமாட்டோம்" என்றேன்.

அதன் பிறகு அறைக் கண்ணாடி வழியே கீழே வேலைக்கூடத்தைப் பார்த்தேன். நாற்பத்தொரு பேரில் ஒருவரும் அசையவில்லை. இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை விழுங்கினார்கள். வேலை நின்றதாகப் புகாரில் இருப்பது பொய். வேலை வேகமாகியது.

அதன் பிறகு கீழே ஓடி அம்மாவை இழுத்தேன். "உஷ்! மேடம் ஆழம் பாக்குறாங்கடி. போன தடவ நம்பி எழுந்தவள இன்னும் கொதிகலன்கிட்ட நிக்க வச்சிருக்காங்க" என்றார். நான்தான் பேசினேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா சாய்ந்தார். வலது உள்ளங்கை இஸ்திரி இயந்திரத்தின் சூட்டுப்பலகையில் பதிந்தது. எடுக்கும் தெம்பு அவருக்கு இல்லை. நான்தான் எடுத்தேன்.

அதன் பிறகு மருத்துவமனைக்கு மேடம் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, கட்டிலுக்கு ஆறடி தள்ளி நின்று, "இந்தம்மா மாதிரி பத்து பேர் போதும்" என்று பாராட்டிவிட்டு, நேரே இங்கே வந்து புகார் கொடுத்திருக்கிறார்.

மேடம் குரலில் பேசியது நான்தான். அந்தக் குரலில் நல்ல வார்த்தை வந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போனதே என் குற்றம். அந்தக் குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டியது குறைத்தது எதுவுமில்லை.

(கையொப்பம்)

வாக்குமூலம் தந்தவர் வயது குறைந்தவராதலால் தாயாரின் ஒப்புதல் மருத்துவமனையில் பெறப்பட்டது. வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை.