போத்தல் திறக்கும் பக்குவம்

சிவப்பு வைன் போத்தலை நிறுத்தி வைக்கக் கூடாது, ஐயா. படுக்க வைக்க வேண்டும். தக்கை நனைந்தே இருந்தால்தான் காற்று உள்ளே போகாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்திய பழைய பெரிய துரை. அவுஸ்திரேலியாவுக்கு மகனிடம் போகும்போது, பங்களாவில் வெகுகாலம் காத்து வைத்திருந்த போத்தல்களில் இரண்டை என்னிடம் கொடுத்தார். "எப்பத் தொறக்கணும்னு ஒரு டீமேக்கருக்கு நான் சொல்லத் தேவையில்ல," என்றார்.

அதை நான் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டேன். பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்து ஆலையில், ஸ்டோர் என்போம், தேயிலை செய்வது என் பொறுப்பு. அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்தால் மெல்லச் சிவக்கும். முதலில் பச்சை வாடை அடிக்கும்; பிறகு ஒரு பழ வாசம் எழும். அது நிறைந்து நிற்கும்போது அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். முந்தினால் கசக்கும், பிந்தினால் சப்பென்று ஆகிவிடும். மணிக்கூட்டைப் பார்த்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் குனிந்து முகர்ந்து பார்த்துச் சொல்வேன்.

முதல் போத்தலை மகள் பிரேமினியின் கல்யாணத்தில் திறந்தோம். என் மனைவி இராஜகுமாரியின் பிடிவாதம் அது. மருமகன் ஒரு வாய் குடித்து முகம் சுளித்து, அதில் சோடாவை ஊற்றினான். "மாமா, இதுக்கு நம்ம நெல்லிரசம் எவ்வளவோ மேல்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவசரப்பட்டுத் திறந்ததன் பலன் அது. இரண்டாவதைத் தொட யாரையும் விடவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் இராஜகுமாரி கேட்பாள். "ஏங்க, நம்ம ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போனப்புறமா தொறக்கப் போறீங்க?" இன்னும் பக்குவம் வரவில்லை என்பேன்.

பிறகு எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்த காலம். மற்றவர்களுக்கு வாசனை திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் பால் அடிப்பிடித்துக் குசினி முழுக்கத் தீய்ந்த வாடையாம். பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஓடி வந்த இராஜகுமாரி சட்டியை இறக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து காலைச் சாப்பாட்டை அவளே ஸ்டோருக்குக் கொண்டு வந்தாள். இலை பரப்பிய இடத்தைத் தாண்டும்போது மூச்சை இழுப்பாள். "இன்னும் பச்ச வாடைங்க," அல்லது "இப்ப அனுப்பிருங்க." எனக்கு மட்டும் கேட்கும். அடுப்புக்காரன் சின்னத்தம்பி, "டீமேக்கர் ஐயாவுக்கு அம்மா வந்து ஊட்டிவிட்டாத்தான் எறங்குது," என்று கேலி செய்வான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். புதிய துரை எல்லோர் முன்னிலையிலும் என் மூக்கைப் புகழ்ந்து மாலை போட்டபோது, அதிகம் கைதட்டியவள் அவள்தான்.

மகள் பிள்ளை உண்டானாள். பிள்ளைப்பேற்றுக்காக இராஜகுமாரி கொழும்புக்கு, மகள் வீட்டுக்குப் போவதாக முடிவாயிற்று.

"நீங்களும் வந்துருங்க. வாசம் தெரியலன்னு தொரைகிட்ட சொல்லிருங்க. காய்ச்சல்ல போனதுக்கு என்ன வெக்கம்? ஒங்களுக்கு வாய் வராட்டி நானே சொல்றேன்," என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்கக் குழந்தைக்குத் தொப்பி பின்னினாள், பெயர் தேடினாள். கல்யாணமான நாளில்கூட அவள் அப்படி இருந்ததில்லை. கொழும்பு வெக்கையில் இந்தச் சிரிப்பு எத்தனை காலம் தாங்கும்? அடுத்தவர் வீட்டுக் குசினி, அவளுடைய சர்க்கரை வியாதி, கால் வீக்கம். நிறைந்து நிற்கிற வேளை இதுதான் என்று எனக்குத் தோன்றியது. போத்தலைத் திறக்கத் தீர்மானித்தேன்.

அவள் புறப்படுவதற்கு முந்தின நாள் பின்னேரம், குசினியில் வைத்துத் திறந்தேன். தோட்டத்துப் பூச்சிமருந்து அறைச் சாவி என்னிடமும் ஒன்று உண்டு. ஒரு கிளாஸில்தான் கலந்தேன்.

அவள் ஆசையாக வாங்கி முகர்ந்தாள். "ஐயய்யோ, கெட்டுப் போச்சுங்க. ஒரே வினாகிரி வாடை. கொட்டிருவோம்."

"எனக்கு நல்ல பழ வாசம் வருதே," என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. "வாசம் வருதா? நெசமாவா?"

"வருது."

"மாரியாத்தா, கண்ணத் தொறந்துட்டியா!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்ப தொரைகிட்ட ஒண்ணும் பேச வேணாம். நீங்க ரிட்டயர் ஆகவும் வேணாம். புள்ள பொறந்து முப்பது நாள் கழிஞ்சதும் நான் ஓடி வந்துருவேன். எனக்குத்தான் இன்னிக்கு மூக்கு சரியில்ல போல. ஒங்க மூக்கு பொய் சொல்லாது."

கிளாஸ் அப்போதும் அவள் கையில்தான் இருந்தது. நான் வாங்கியிருக்கலாம். வாங்கினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் குடித்தாள். நான் குடிக்கவில்லை.

அவள் சந்தோஷமாகப் போனாள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். முதல் சில நிமிடங்கள் அப்படித்தான் இருந்தாள்.

அதன் பிறகு நான் செய்த தேயிலை எல்லாம் பழுது. துரை என் தோளைத் தொட்டு, "துக்கம் ஆளையே மாத்திரும்," என்றார். ஸ்டோரிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிச் சோதனை முடிவோடு பொலிஸ் ஐயா நீங்கள் வரும்வரை எனக்கு அது போதுமாக இருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் மனைவி இராஜகுமாரியை நான்தான் கொன்றேன். வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன். காரணத்துக்குச் சந்தேகம், குடிவெறி, எதை வேண்டுமானாலும் போடுங்கள். மூக்கு விஷயத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். ஸ்டோரில் எல்லோருக்கும் என் மேல் ஒரு மரியாதை இருக்கிறது.