பிளாஸ்டிக் துப்பாக்கி மாப்பிள்ளை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் கணவனும் மனைவியும். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறார்கள். வெற்றிலை பாக்கு, பழம் வைத்த பை கணவர் காலடியில் இருந்தது. அவர் கையில் மாப்பிள்ளைப் பையனின் போட்டோ: ராணுவ உடுப்பு, பிளாஸ்டிக் கட்டை போட்ட துப்பாக்கி.

"பிளாஸ்டிக் துப்பாக்கிக்காரனுக்கு எம் பொண்ண குடுக்க மாட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"கவர்மென்ட்டு பழச மாத்திட்டு இத குடுத்துச்சு. அந்தப் புள்ள இன்னா பண்ணும்?" என்றார் மனைவி.

"மிலிட்டரில பதினேழு வருசம் நான் தூக்குனது மரக்கட்டை போட்ட துப்பாக்கி. சுட்டா ரெண்டு நாளைக்குத் தோள் வலிக்கும். இது திருவிழாவுல விக்கிற பொம்மையாட்டம் இருக்குது."

"பொண்ணுக்குப் புடிச்சிருக்குதுங்க."

"அதுக்குத் துப்பாக்கிய பத்தி இன்னா தெரியும்? அடுத்த ஸ்டாப்புல எறங்கு, வூட்டுக்குப் போலாம்."

அந்த அம்மாள் அசையவில்லை.

"எங்கப்பாவும் மிலிட்டரிதான். ஒவ்வொரு குண்டுக்கும் கையால இழுத்து இழுத்துச் சுட்டவரு. உங்க துப்பாக்கில குண்டு தானா ஏறிக்கும்னு கேட்டதும், 'சோம்பேறிப் பயலுக்குப் பொண்ணு இல்ல'ன்னு சொல்லிக்கினு இருந்தாரு. ஞாபகம் இருக்குதா?"

"அது வேற."

"அப்புறம் குடுத்தாரா, இல்லியா?"

"குடுத்தாரு."

"சோம்பேறின்னு அவரு சொன்னதும் தப்பில்ல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஸ்டாப் வந்தது. பஸ் நின்றது, கிளம்பியது. அவர் இறங்கவில்லை. காலடிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பழம் நசுங்கிடப் போவுது" என்றார்.