கொட்டகையில் ஒரு கட்டில்

கர்ட்: ...வேலியிலேருந்து அஞ்சடி தள்ளி இருக்கணும் சார். உங்க கொட்டகை வேலிமேலயே சாஞ்சுட்டு நிக்குது.

வெர்லின்: தட்டுமுட்டு சாமான் போடற கொட்டகைக்கு என்னய்யா அஞ்சடி, ஆறடி? என் தோட்டம், என் பலகை, என் ஆணி!

கர்ட்: டவுன் ஆபீஸ் விதி சார். அனுமதியும் வாங்கல நீங்க. யாரோ போன்ல புகார் சொல்லியிருக்காங்க, நான் வராம இருக்க முடியுமா?

வெர்லின்: யாரோவா... பக்கத்து வீட்டுக்காரி, அந்த ஆர்டிஸ்தான். நான் தும்முனாலே எட்டிப் பாக்கறவ.

மார்லிஸ்: அவள எதுக்கு இழுக்கற? கர்ட் தம்பி, காபி போட்டிருக்கேன். பனியில நிக்காத.

வெர்லின்: காபி வேறயா! என் பொண்டாட்டி எந்தக் கட்சின்னே தெரியல.

கர்ட்: காபி அப்புறம் மேடம். சார், கதவத் திறங்க. ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன்.

வெர்லின்: உள்ள என்ன இருக்கு... பனி தள்ற மிஷின், தூண்டில்...

கர்ட்: அப்ப திறக்கறதுக்கு என்ன?

வெர்லின்: சாவிய எங்கயோ...

மார்லிஸ்: ஒன் சட்டைப் பையில.

வெர்லின்: மார்லிஸ்!

கர்ட்: குடுங்க சார்... ஐயோ கடவுளே! என்ன இது... கட்டில், தலகாணி, கம்பளி... இங்கயா படுக்கறீங்க? இந்த ஜனவரிக் குளிர்லயா?

வெர்லின்: எனக்குக் குறட்டை. அவ தூங்க வேணாமா?

கர்ட்: மண்ணெண்ணெய் ஹீட்டர்! சன்னல் எங்க சார்? கதவிடுக்குல துணி வேற திணிச்சு வெச்சிருக்கீங்க!

வெர்லின்: காத்து வருதுல்ல.

கர்ட்: அந்தக் காத்து வந்தாத்தான் நீங்க காலைல எழுந்திருப்பீங்க! போன வருஷம் ஒறஞ்ச ஏரி மேல, மீன் பிடிக்கிற குடிசையில ரெண்டு பேரு... இதே மாதிரி ஹீட்டர், அதோட விஷப்புகை. நான்தான் கதவ உடைச்சேன். தூங்கற மாதிரியே இருந்தாங்க சார்.

மார்லிஸ்: கேட்டியா வெர்லின்?

கர்ட்: வேலிக் கதைய வசந்தத்துல பேசிக்கலாம். ஆனா சாமான் கொட்டகையில மனுசன் படுக்கக் கூடாது. கட்டில் இப்பவே வீட்டுக்குள்ள போகணும்.

வெர்லின்: முடியாது.

கர்ட்: தனி ரூம்ல படுங்க, குறட்டை...

வெர்லின்: குறட்டை இல்லய்யா! பட்டாளத்துல பாலைவனச் சண்டைக்குப் போய்ட்டு வந்ததுலேருந்து... கனவு. மார்லிஸ், நீ உள்ள போ.

மார்லிஸ்: இருக்கட்டும். சொல்லு.

வெர்லின்: ...நவம்பர்ல ஒரு ராத்திரி முழிச்சுப் பாக்கறேன், என் ரெண்டு கையும் இவ கழுத்துல. நல்லவேளை, இவ முழிக்கல. தூக்கத்துல எழுந்து நடக்கறவன் நான். எனக்கு எந்த ரூம் குடுத்து என்ன?

கர்ட்: மேடத்துக்கு இது தெரியாதா சார்?

வெர்லின்: இத்தன நாள் இவளுக்குத் தெரியாம வெச்சிருந்தேன். அந்த ஆர்டிஸ் மட்டும் போன் பண்ணலேன்னா...

மார்லிஸ்: நான் தூங்கல வெர்லின். மூச்ச அடக்கிட்டுக் கெடந்தேன்... நீ ஒடஞ்சு போயிடுவியேன்னு. அன்னிலேருந்து சமையக்கட்டு சன்னல்ல நின்னு இந்தக் கொட்டகையத்தான் பாத்துட்டிருக்கேன், காலைல நீ வெளிய வருவியா மாட்டியான்னு. என் பேச்சுக்கு நீ வர மாட்டே, விதின்னா வருவே. போன் பண்ணது ஆர்டிஸ் இல்ல... நான். ராத்திரி என் ரூம உள்பக்கமா பூட்டிக்கறேன், போதுமா? கர்ட் தம்பி, அந்தப் பக்கம் கட்டிலப் பிடி.