ஓடுபாதை முனையில் நின்ற முனீஸ்வரர்

ஓடுகிறேன். எல்லாரும் வெளியே வந்த பாதையில் நான் உள்ளே ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை. காலை பத்து ஐம்பத்தாறு. இரண்டாவது சங்கு ஊதியாயிற்று. மூன்றாவது பதினொன்றுக்கு. மூன்றாவது ஊதினால் குண்டை வெடிக்க வைப்பார்கள்.

"நிறுத்துங்க! உள்ள ஆள் இருக்கு!"

தடுப்புக் கம்பியருகே நின்ற போலீஸ்காரர் திரும்பினார். மலாயிலும் கத்தினேன். "ஆடா ஓராங்! ஆடா ஓராங்!" அவர் கை வாக்கி டாக்கிக்குப் போனது. வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சங்கு ஊதியது.

"தியாராப்! தியாராப்!" படு என்கிறார். என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். அவரும் பக்கத்தில் விழுந்தார்.

முதலில் சத்தம் வரவில்லை. வயிற்றுக்கடியில் மண் துள்ளியது. பிறகுதான் சத்தம். ஒரே ஒரு தொம். பிறகு காற்று. பிறகு தொழிலாளர் லயத்து வீடுகளின் தகரக் கூரைமேல் கல்மழை. எண்ணினேன். ஒன்பது நொடி. பிறகு எதுவும் இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை.

சண்டை எப்போதோ முடிந்துவிட்டது என்று பள்ளியில் படித்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அன்று புல்லில் குப்புறக் கிடந்தபோது அது முடிந்ததாகத் தெரியவில்லை.

எங்களுடையது சின்ன விமான நிலையம். பிறை நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால், கடலைப் பார்த்துக் கிடக்கிறது. அக்கரையில் ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் தெரியும். தோட்டத் துரைகளின் குட்டி விமானங்களுக்காகப் போட்ட புல்தரை அது. ஜப்பான்காரன் காலத்தில் நீட்டினார்கள். நீட்டியவர்கள் எங்கள் ஆட்கள். தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றி வந்தார்கள். கல் சுமக்க வைத்தார்கள். சண்டை முடியும் தறுவாயில் பிரிட்டிஷ் விமானங்கள் அதே பாதைமேல் குண்டு போட்டன. சுமந்தவர்களில் எத்தனை பேர் செத்தார்கள்? பழைய கோப்புகளில் தேடினேன். எத்தனை லாரி கல் வந்தது என்று இருக்கிறது. ஆள் எண்ணிக்கை இல்லை.

தேடியது என் வேலையாக. அங்கே நான் குமாஸ்தா. எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். வாரத்துக்கு மூன்று விமானம் இறங்கும் இடத்தை நீட்டுவதா, மூடித் தொழிற்சாலைக்குக் கொடுப்பதா என்று மேலே பேச்சு. நிலையத்தின் வரலாற்றை இருபது பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார் மேலாளர். நல்ல வரலாறு இருந்தால் மூடமாட்டார்கள் என்று நம்பினேன். உண்மையாகவே நம்பினேன்.

ஓடுபாதையின் கிழக்கு முனையில், வேலியோரம், முனீஸ்வரர் நின்றார். இடுப்பளவு இரும்பு. கால்வாய் தோண்டும்போது கிடைத்ததாம். நட்டு, மஞ்சள் பூசி, வெள்ளியில் கண் வைத்து, மேலே தகரம் போட்டிருந்தார்கள். செவ்வாய், வெள்ளி சூடம். ஆடியில் சுருட்டும் கறுப்பு பீரும். புது விமானம் வந்தால் சக்கரத்தில் வைக்கும் எலுமிச்சை அவர் காலடியிலிருந்துதான் போகும். சீன விமானி ஒருவர் வந்தபோதெல்லாம் ஊதுபத்தி ஏற்றுவார். பூசாரி கோவிந்தன் அண்ணன். மற்ற நேரத்தில் ஓடுபாதையோரம் புல் வெட்டுபவர்.

வரலாற்றுக்காகப் படம் எடுக்கப் போனேன். தெளிவாக வரட்டும் என்று அடியில் அப்பியிருந்த பழைய மஞ்சளைச் சுரண்டினேன். விரல் தடிமன் இருந்தது. உள்ளே ஆங்கில எழுத்து. எண்கள். ஒரு திருகாணி வளையம். என் கை தானாகப் பின்னுக்கு வந்தது.

இது குண்டு என்று கோவிந்தன் அண்ணனிடம்தான் முதலில் சொன்னேன். சிரித்தார்.

"நாப்பது வருசமா மூஞ்சிக்கு நேரா சூடம் கொளுத்துறேன் தம்பி. கோவம் இருந்தா எப்பவோ காட்டியிருக்கும்லா. படிச்சவனுக்குத்தான்யா பயம் ஜாஸ்தி."

நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன்.

ராணுவம் வந்தது. தூக்க முடியாது, நின்ற இடத்திலேயே வெடிக்க வைக்க வேண்டும் என்றார்கள். லயத்து ஆட்கள் நாற்பத்து மூன்று பேரும் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் நிலைய வாசலுக்கு வெளியே பள்ளித் திடலுக்குப் போக வேண்டும். அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார். உத்தரவு கேட்க நேரம். சாமியை எடுப்பதற்கு முன் அதைச் செம்புத் தண்ணீரில் இறக்க வேண்டும். வேப்பிலை போட்டு, சூடம் காட்டி, கூப்பிட வேண்டும். இறங்கிய பிறகுதான் அது வெறும் இரும்பு. அதிகாரி மரியாதையாகத்தான் மறுத்தார்.

"விடுங்கண்ணே" என்றேன்.

"நீ சாமிய குண்டுன்னு எழுதிக் குடுத்துட்ட. சரி. அதுக்காக அத அனாதையா விட்டுட்டு வரணுமா?"

திடலில் பெயர்ப் பட்டியல் என் கையில். பத்து நாற்பது. கடைசியாக ஒருமுறை வாசிக்கிறேன். கோவிந்தன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். கூட்டத்திலிருந்து அவர் மனைவி லெட்சுமி அக்காவின் குரல்.

"இருக்காரு தம்பி. கக்கூசுக்குப் போயிருக்காரு."

குறி போட்டேன். நாற்பத்து மூன்றும் சரி. கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்தேன். பத்து ஐம்பதுக்கு முதல் சங்கு. ஐம்பத்தைந்துக்கு இரண்டாவது. அது ஓய்வதற்குள் அக்கா என் முன்னால் வந்து நிற்கிறார்.

"இன்னும் வரல தம்பி. செம்ப எடுத்துக்கிட்டுக் கால்வா வழியா போனாரு. மொத சங்குக்குள்ள வந்துருவேன்னாரு."

ஓடினேன். மீதியை மேலே எழுதிவிட்டேன்.

கால்வாய்க்குள் கிடந்தார். திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறார். முகம் பள்ளிப் பக்கம். ராணுவத்தார் இரண்டு முறை சுற்றிப் பார்த்தவர்கள்தான். கால்வாயை ஆளுயர லாலாங் புல் மூடியிருந்தது. அதை வெட்டுபவர் அவர். அந்த வாரம் வெட்டவில்லை. நெஞ்சோடு அணைத்தபடி செம்பு. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உள்ளே பாதித் தண்ணீர். வேப்பிலை.

இப்போது விமானம் எதுவும் இறங்குவதில்லை. நீட்டுவதா மூடுவதா என்ற பேச்சு மட்டும் நடக்கிறது. லயம் காலி. அக்கா பாகான் டாலாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். குளிர்பெட்டிமேல் அந்தச் செம்பு. தண்ணீர் வற்ற வற்ற ஊற்றுகிறார்.

"இத எறக்க எடம் வேணும் தம்பி. ஏர்போட் இருக்குமா, இருக்காதா? ஒனக்கு மேல எடத்துல ஏதும் தெரியுமா?"

தெரியாது என்றேன். போன முறை கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"நான்தான் பொய் சொன்னேன். நீ கேட்டத எழுதுன, அவ்ளோதான்."

நான் எட்டிப் பார்த்திருக்கலாம். கக்கூஸ் இருபது அடி தூரத்தில் இருந்தது. இதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

வரலாற்றை எழுதி முடித்தேன். இருபது பக்கம் கேட்டார்கள். இருபத்தொன்று ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் இதுதான் இருக்கிறது.

இழந்தவை. முனீஸ்வரர், ஒன்று. தகரக் கூரை, ஒன்று. காலியான வீடுகள், பதினொன்று. ஓடுபாதை நீட்டக் கல் சுமந்து செத்தவர்கள், எண்ணிக்கை தெரியாது. யாரும் எண்ணவில்லை. கோவிந்தன், புல் வெட்டுபவர், பூசாரி, ஒருவர்.

பட்டியலில் என் குறிகள், நாற்பத்து மூன்று. திடலில் இருந்தவர்கள், நாற்பத்திரண்டு.