முகம் பார்த்துச் சொல்லச் சொன்னவருக்கு

செம்பூர் நாற்சக்கர வாகனத் தொழிற்பயிற்சி நிலையத்தின் வேலைவாய்ப்புப் பிரிவை இருபத்திரண்டு ஆண்டுகள் தோள் கொடுத்துத் தாங்கி, இன்று பணி நிறைவு காணும் முன்னாள் படைவீரர், பெருமதிப்பிற்குரிய அண்ணாச்சி திரு. இசக்கிப்பாண்டி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமுவந்து படைக்கும் மடல்.

பனிமலையில் படை ஊர்திகளின் பழுது நீக்கிய பாண்டியரே! தாராவி பெற்ற தளராத தோளே! வேலை தேடி வந்தோர்க்கெல்லாம் வழி சொன்ன வல்லவரே! சினந்தாலும் சிரித்துவிடும் செம்மலே! வணக்கம்! வருக! முன்வரிசையில் வீற்றிருக்கும் தங்கள் இல்லத்தரசி கோமதியம்மாள் அவர்களுக்கும் எங்கள் கைகூப்பிய வணக்கம்!

இந்நிலையத்தில் பிழையின்றித் தமிழ் எழுதக்கூடியவர் இருவர். ஒருவர் தாங்கள். தங்களுக்கான பாராட்டைத் தங்களையே எழுதித் தரச் சொல்வது முறையன்று என்பதால், இப்பொறுப்பு அலுவலக எழுத்தர் மாதவ் தலையில் விழுந்தது. நடையில் அவர் வளர்ந்த மாட்டுங்காவின் பம்பாய்த் தமிழ் வாடை தூக்கலாக இருந்தால் பொறுத்தருள்க. ஆனால் சொல்லப்போகும் செய்தி எங்கள் அனைவருடையதும் ஆகும்.

முதலில் ஓர் உண்மையை உடைத்துச் சொல்லிவிடுகிறோம். பின்னாலிருக்கும் பதாகையில் 'ஓய்வு' என்று பெரிதாக எழுதியிருக்கிறோமே தவிர, தங்களுக்கு ஓய்வு பிடிக்காது என்பது எங்களுக்குத் தெரியும். கடந்த சில மாதங்களாகத் தாங்கள் வேலை தேடுகிறீர்கள் என்பதும் தெரியும். மூன்று இடங்களில் இல்லையென்று சொல்லிவிட்டார்கள் என்பதும் தெரியும். ஊருக்கெல்லாம் வேலை தேடித் தந்தவருக்கு ஒரு வேலை கிடைக்கவில்லையே என்ற ஆற்றாமை, பெருமை பொங்கும் இந்த மாலையிலும் எங்களை விட்டு அகலவில்லை. அதை மறைத்துக்கொண்டு பொன்னாடை போர்த்த எங்களுக்கு மனம் வரவில்லை.

பதினேழு ஆண்டுப் படைப்பணியில் பாதிக்கு மேல் தாங்கள் பனியில் கழித்தீர்கள். டீசல் கூழாய் உறையும் குளிரில் வண்டியைக் கிளப்பியதைப் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் எங்கள் வாழ்க்கையை மாற்றிய பாடம் வேறு. கடுங்குளிர் தாக்கும் பனிக்கடியில் மூக்கோ காதோ செத்துப்போகத் தொடங்கினால் அந்த இடம் வெளுக்கும். மரத்துப் போயிருப்பதால் வலிக்காது. சொந்த மூக்கைச் சொந்தக் கண்ணால் பார்க்கவும் இயலாது. எனவே வீரர்கள் இருவர் இருவராக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருநாள் தங்கள் ஜோடியாக நின்ற இளைய வீரர், தங்கள் இடக்காது வெளுத்ததைக் கண்டும், மேலதிகாரியான தங்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிவிட்டார். காதின் நுனி போயிற்று. அவரைத் தாங்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "அவன் மேல தப்பில்லடே. சொல்லலாம்னு நான்லா அவன்கிட்டச் சொல்லி வச்சிருக்கணும்" என்பீர்கள்.

அந்தக் காதுநுனியின் விலையில் வந்ததுதான் நம் நிலையத்தின் காலை வழக்கம். வகுப்பு தொடங்குமுன் எல்லாரும் ஜோடி ஜோடியாக நின்று முகம் பார்ப்போம். கண்டதைச் சொல்ல வேண்டும். கேட்டவர் 'சரி' என்பதைத் தவிர வேறு பேசக் கூடாது. இதில் பெரியவர் சிறியவர் கிடையாது. சட்டைப் பித்தான் மாறியிருப்பதும், வாயில் மாவாப் புகையிலை நாறுவதும், வீட்டுச் சண்டை முகத்தில் ஒட்டியிருப்பதும் அங்கே அம்பலமாகும். போனில் பேசும்போது கத்துகிறீர்கள் என்று ஒரு மாணவி சொல்ல, நம் முதல்வர் அம்மையாரே பல்லைக் கடித்துக்கொண்டு 'சரி' என்றதை நாங்கள் கண்குளிரக் கண்டோம்.

சஃப்ரீனை நினைத்துப் பார்க்கிறோம். தாராவித் தோல்பட்டறைக்காரர் மகள், படிப்பில் சூட்டிகை, ஆனால் போன நேர்காணலில் எல்லாம் தோற்றுத் திரும்பினார். காரணம் அவருக்கே தெரியவில்லை. ஒருநாள் காலை அவருக்கு ஜோடியாக நின்றவர், டாக்சியை விற்றுவிட்டுப் புதுத் தொழில் கற்க வந்த பூலோகம் என்ற மாணவர். "ஏம்மா, அடுத்தவுக கேள்விய முடிக்கவே விட மாட்டேங்கியே, எதுக்கு இப்படிப் பறக்கே?" என்று அவர் கேட்டதும் சஃப்ரீனுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் 'சரி' என்றார். அன்று தாங்கள் சொன்னதை அவர் இன்றும் சொல்லித் திரிகிறார்: "பனியில ஓடுனா வேர்க்கும். வேர்வை உள்ளயே உறைஞ்சுட்டுன்னா ஆளையே முடிச்சிரும். மெதுவா நட. மூச்சு விட்டுப் பேசு." அடுத்த நேர்காணலில் சஃப்ரீன் மெதுவாக நடந்தார். இன்று ஸ்மார்ட் கார்களைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில் ஒரு பிரிவுக்கே தலைவி!

சிபாரிசு என்றாலே தாங்கள் சிங்கமாய்ச் சீறுவீர்கள். எத்தனை பேர் கெஞ்சியும் யாருக்காகவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நான் சொல்லி நீ போனா, நாளைக்கு என் பேரச் சொல்லித்தான் உன்னத் திட்டுவான். உன் சொந்தப் பேருல திட்டு வாங்குலே" என்று துரத்திவிடுவீர்கள். அப்படித் துரத்தப்பட்டவர்கள் இன்று அம்பர்நாத் முதல் மாஹிம் வரை தலை நிமிர்ந்து சம்பளம் வாங்குகிறார்கள்.

கார்களுக்குள் கணினி குடியேறிய காலத்தில், நம் பழைய வகுப்புகளுக்கு ஆள் வருவது நின்று, நிலையத்தையே மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்போது ஐம்பதைத் தாண்டிய தாங்கள், தங்களைவிட இருபது வயது இளைய கணினி ஆசிரியர் நாகராஜின் வகுப்பில், மாணவர் பெஞ்சில், கால்சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்தீர்கள்! ஸ்பேனர் பிடித்த கையில் லேப்டாப்பும் ஏறியது. தங்களைப் பார்த்து மற்ற ஆசிரியர்களும் உட்கார்ந்தார்கள். நிலையம் பிழைத்தது.

ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கேமரா பொருத்திய பயிற்சி வண்டி வந்த நாளை மறக்க முடியுமா? மாஹிம் சிக்னலில் தாங்கள் ஓட்டிக்கொண்டிருக்க, திரையில் காபிக் கோப்பைப் படம் தோன்றியது. தாங்கள் சோர்ந்திருக்கிறீர்கள், இளைப்பாறுங்கள் என்பது அதன் பொருள். பின்னிருக்கையில் நாங்கள் சிரிப்பை அடக்கித் தவித்தோம். தாங்களோ ஓரங்கட்டி நிறுத்தி, அத்தனை பேருக்கும் அரைக் கோப்பைக் கட்டிங் சாய் சொன்னீர்கள். "சிரிக்காதீங்கடே. முழிச்சிட்டுத்தான இருக்கோம்னு எல்லாரும் நெனைப்பான், அங்கனதான் ஆபத்து. எங்களுக்கு மலையில ஜோடி இருந்தான், இதுக்குள்ள கேமராவா உக்காந்திருக்கான்" என்றீர்கள். அத்தோடு விடவில்லை. பனி படிந்தால் அந்தக் கேமராவுக்கே கண் தெரியாது, அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும், கடுங்குளிரில் பேட்டரி பாதி வலுவை இழக்கும் என்று, பனியையே பார்த்திராத பம்பாய்ப் பிள்ளைகளுக்குத் தேநீர்க் கடை வாசலில் வகுப்பெடுத்தீர்கள். கடைக்காரரும் பால் பொங்குவதை மறந்து கேட்டார்.

அண்ணாச்சி! இன்று மேடையில் தங்களுக்கு எதிரே நாங்கள் நிற்கிறோம். தங்கள் முகத்தைப் பார்க்கிறோம். முறைப்படி, கண்டதைச் சொல்கிறோம்.

தாங்கள் மீசைக்குச் சாயம் பூசியிருக்கிறீர்கள். அது தங்கள் முகத்துக்கு ஒட்டவில்லை.

வீடியோ நேர்காணலுக்காக நாகராஜ் தங்களுக்கு லேப்டாப்பைத் திறந்து தந்தபோது, இடக்காது தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டீர்கள். படைப்பணி பற்றி அவர்கள் கேட்டதற்கு, "அதெல்லாம் ரொம்பப் பழைய கதை சார்" என்று தள்ளிவிட்டீர்கள். வயது தெரிந்துவிடும் என்று அஞ்சி, தங்களிடம் உள்ள தலைசிறந்த ஆண்டுகளை ஒளித்துவைத்தீர்கள். சாயம் பூசிய அந்த மனிதரை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. முன்பின் அறியாதவர்கள் எப்படி வேலைக்கு எடுப்பார்கள்? சொல்ல நா கூசுகிறது. ஆனால் மேலதிகாரியாயிற்றே என்று தயங்கினால் என்ன ஆகும் என்பதைத் தாங்களே எங்களுக்குக் கற்றுத் தந்துவிட்டீர்கள். கோபம் வந்தாலும், 'சரி' என்று மட்டும்தான் சொல்ல வேண்டும்.

இனி, சொல்லாமல் வைத்திருந்த செய்தி. சஃப்ரீன் பணிபுரியும் நிறுவனம், பனிப் பிரதேசங்களுக்கு வண்டிகளை அனுப்புமுன் ஓட்டுநர்களையும் மெக்கானிக்குகளையும் பழக்க ஒரு பயிற்சியாளரைத் தேடி விளம்பரம் செய்திருக்கிறது. அலுவலகம் இங்கே செம்பூரில். குளிர்காலத்தில் சில வாரம் மலையில். வயது வரம்பு இல்லை. கோமதியம்மாளிடம் அனுமதி கேட்டு, தங்கள் பெயரில் மனுப் போட்டுவிட்டோம். "போடுங்க தம்பி. இவுக வீட்டுல சும்மா உக்காந்தாகன்னா, அப்புறம் நான்லா வெளிய வேல தேடிப் போகணும்" என்று அவர்கள் உத்தரவு தந்தார்கள். நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. வரும் திங்கட்கிழமை காலை, பத்து மணிக்கு!

இதில் எங்கள் சிபாரிசு எள்ளளவும் இல்லை. சஃப்ரீனிடம் சொன்னபோது அவர் துள்ளிக் குதித்தார், மறுநொடியே முகம் மாறி, "அப்போ நான் அந்த இன்டர்வியூ ரூம்ல உக்கார மாட்டேன். வேற ஆளுங்க கேக்கட்டும். நான் இருந்து வேல கெடைச்சுதுன்னா அண்ணாச்சி அதத் தொடக்கூட மாட்டாக" என்றார். தங்கள் கையால் வளர்ந்தவர் தங்களைப் போலவே நிற்பதைக் கண்டு நாங்கள் பூரித்துப்போனோம். ஆகவே, எல்லாரையும் போலத் தாங்களும் தனியாகத்தான் உள்ளே போக வேண்டும், தங்கள் சொந்தப் பேரில்.

நோய்நொடி அண்டாமல், நடையும் நகைச்சுவையும் குன்றாமல், கோமதியம்மாளோடு நூறாண்டு வாழ்க, அண்ணாச்சி! அந்த நூறில் முதல் வேலையாக, மீசையைக் கழுவிவிட்டுத் திங்கட்கிழமை போய் வாருங்கள்.

தங்கள் பெருமையில் பங்கு கேட்டு நிற்கும்,
ஆசிரியர்கள், அலுவலர்கள், பணிமனைத் தோழர்கள்,
செம்பூர் நாற்சக்கர வாகனத் தொழிற்பயிற்சி நிலையம், மும்பை.