காணாமல் போன லிஃப்ட் மெக்கானிக் மூன்றாம் மாடியில் இருந்த விவரம்

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் இன்று காலை பதினொன்றே காலுக்கு இதே காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்த புகாரில் உள்ளபடியே. வயது நாற்பத்தாறு. வாடகைக் கார் கம்பெனியில் போன் எடுத்து வண்டி அனுப்பும் வேலை. என் கணவரைக் காணவில்லை என்ற அந்தப் புகாரை முடித்துக்கொள்வதற்காக, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொல்லும்படி அதிகாரி கேட்டுக்கொண்டார். காலையில் அழுதுகொண்டே சுருக்கமாகத்தான் சொன்னேன், இப்போது விலாவாரியாகத்தான் சொல்வேன் என்று கூறினேன்.

என் கணவருக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை. லிஃப்ட் குழியில் இருக்கிற தூசுதான் காரணம் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். அதன் பிறகு முதுகு வலித்தது, அதன் பிறகு உடம்பு இளைத்தது, அதன் பிறகு ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் புற்றுநோய் என்றும் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றும் சொன்னார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உட்காருவதற்கு முன்பே, தினம் எத்தனை சிகரெட் பிடிப்பார் என்று கேட்டார்கள். என் கணவர் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டது கிடையாது. அப்படிக் கேட்டவர்களில் இரண்டு பேரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். இது வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். எனக்குத் தேவை, எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்து, கட்டியிலிருந்து துளி சதை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோம், எந்த ஜீனில் கோளாறு என்று பார்ப்பார்கள், சில கோளாறுகளுக்கு அதற்கென்றே செய்த மாத்திரை இருக்கிறது, அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மற்ற மருந்தை இந்த உடம்பு தாங்குமா என்பது சந்தேகம் என்று சொன்னார். புருஷனுக்கு ஜீனில் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதல் தடவை எடுத்த சதை போதவில்லை என்று திரும்பி வந்தது. அதற்குள் அவரால் நேராகப் படுக்கவே முடியவில்லை. இரண்டாவது தடவை பாதி உட்கார்ந்தபடியே ஊசி போட்டு எடுத்தார்கள். கிடைத்தது இவ்வளவுதான், மறுபடி எடுக்க இவருக்குத் தெம்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பதினாறாம் நாள் டாக்டர் போன் செய்தார். ஆபீசில் இரண்டு கஸ்டமரை அப்படியே லைனில் விட்டுவிட்டு எழுந்து ஓடினேன். இரண்டு ஜீன்கள் அறுந்து, இடம் மாறி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அதனால் வளரு வளரு என்ற உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது, நூறு பேரில் நாலைந்து பேருக்குத்தான் இப்படி இருக்கும், இதற்கு மாத்திரை இருக்கிறது என்றார். வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் மூச்சு வாங்க வாங்க, "லிஃப்ட் பட்டன் அமுங்கினபடியே ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதானே" என்றார்.

அன்று முதல் காலையும் மாலையும் மாத்திரை. நான்காம் நாள் அவித்த முட்டை கேட்டார். ஒன்பதாம் நாள் இருமல் பாதியாகக் குறைந்தது. பன்னிரண்டாம் நாள் என் கையைத் தள்ளிவிட்டுத் தானே குளியலறைக்குப் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து விசில் சத்தம் வந்தது. இருந்தாலும் நான் நம்பவில்லை. அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை சந்தோஷப்படக் கூடாது என்று என்னை நானே கட்டிப்போட்டு வைத்திருந்தேன்.

இன்று பத்தொன்பதாம் நாள். காலை ஏழு மணிக்கு நான் வேலைக்குப் போனேன். அவருக்குத் துணையாக அவருடைய அக்கா இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒன்பது நாற்பதுக்கு அண்ணி போன் செய்து, "துணி காயப்போட மாடிக்குப் போயிட்டு வந்து பாத்தா, தம்பியைப் படுக்கையில காணோம்மா" என்றார். கட்டிலுக்கு அடியில் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். கேட்ட நானும் சரி, பார்த்த அவரும் சரி, அந்த நேரத்தில் எங்களுக்கு மூளை வேலை செய்யவில்லை. அவருடைய போன் சார்ஜரிலேயே இருந்தது. செருப்பு இல்லை, வெள்ளைச் சட்டை இல்லை. நாற்பது வண்டி எங்கே எங்கே நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்கிறவள் நான், ஒரு புருஷனைத் தொலைத்துவிட்டு நின்றேன்.

அதன் பிறகு நேராக இங்கே வந்தேன். தெருவில் இறங்கி நடக்க முடியாதவர், யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று புகாரில் எழுதினேன். அவருக்கு எதிரிகள் உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு, லிஃப்ட் பழுதாகிக் கிடக்கிற கட்டடத்தில் இருக்கிற எல்லோரும் எதிரிதான் என்று சொன்னேன். அதுவும் புகாரில் இருக்கிறது. அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரு பெண்மணி என் போனுக்குக் கூப்பிட்டார். ஆய்வுக்கூடத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் கணவர் எங்கள் மூன்றாம் மாடியில் இருக்கிறார் என்றார். எனக்குக் கேட்ட முதல் வார்த்தை ஆய்வுக்கூடம்தான். உயிரோடுதானே இருக்கிறார் என்று கேட்டேன். அதற்கு அவர், "உயிரோடயா? லிஃப்டை ரிப்பேர் பண்ணிட்டு நிக்கிறாருங்க!" என்றார். அதிகாரியும் நானும் நிலைய வண்டியில் உடனே கிளம்பினோம்.

அங்கே செக்யூரிட்டி சொன்ன விவரம் வருமாறு. பத்தரை மணிக்கு என் கணவர் பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் இருந்த ரிப்போர்ட்டைக் காட்டி, இந்த நம்பர் சாம்பிளைச் சோதித்தவர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நோயாளிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை, அதோடு லிஃப்டும் நாலு நாளாக ஓடவில்லை, மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றிக்கொண்டிருக்கிறான் என்று செக்யூரிட்டி சொல்லியிருக்கிறார். "நான் லிஃப்ட் மெக்கானிக்தான்" என்று இவர் சொன்னதும், அதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று திட்டி உள்ளே விட்டுவிட்டார். என் கணவர் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

அதன் பிறகு மூன்று மாடியும் படியேறியிருக்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன் என்று அவரே சொன்னார். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு முக்கால்வாசி மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. இவர் தரையில் உட்கார்ந்து, கதவு ஓடும் பள்ளத்தில் வீட்டுச் சாவியை விட்டுத் துழாவி, விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் முனையை எடுத்திருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் துளித்துளியாக மருந்து உறிஞ்சி விடுகிற கருவியில் மாட்டுவதாம். கதவு மூடியது, லிஃப்ட் கிளம்பியது. சத்தம் கேட்டு வெள்ளைக் கோட்டோடு ஒரு அம்மா வெளியே வந்தார். இவர் அந்த முனையை நீட்டி, "இது உங்களோடதா பாருங்க, இதுவும் உங்களோடதா பாருங்க" என்று ரிப்போர்ட்டையும் நீட்டியிருக்கிறார்.

அந்த அம்மாதான் எனக்குப் போன் செய்தவர். நம்பரைப் பார்த்ததுமே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். அரிசியில் பாதிகூட இல்லாத துண்டு, முதல் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை, மிச்சம் இருந்தது ஒரே ஒரு துளி, அதையும் வீணாக்க வேண்டாம், போதவில்லை என்று எழுதி அனுப்பிவிடலாம் என்று மேலதிகாரி சொன்னார், நான் சண்டை போட்டு வேறு முறையில் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன் என்று சொன்னார். பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறாராம். "எங்களுக்கு நம்பர்தாங்க வரும். ஆள் வந்ததே இல்லை" என்றார்.

லிஃப்ட் வரும் வரை காத்திராமல் நான் மூச்சிரைக்கப் படியேறிப் போனபோது, வெள்ளைக் கோட்டு போட்ட ஆறு பேர் நடுவில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் கொண்டுவந்து போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது. கம்ப்யூட்டரில் இந்தக் கோடு வரைக்கும் ஒரு ஜீன், இங்கிருந்து வேறு ஜீன் என்று அவர்கள் இவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள், கதவு ஏன் திறந்து திறந்து மூடுகிறது என்று இவர் அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார்கள். நான் நேராகப் போய் என் கைப்பையால் அவர் தோளில் இரண்டு அடி போட்டேன். அதிகாரி பார்த்தார், தடுக்கவில்லை. "அறிவிருக்கா உங்களுக்கு? சொல்லிட்டு வரக் கூடாதா?" என்று கத்தினேன். "சொன்னா விடுவியா?" என்றார். விட்டிருக்க மாட்டேன்தான். ஏன் வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு, "லிஃப்ட் ஓடினா மெக்கானிக்கை யாரும் நினைக்கறதில்லை சார். இவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு தோணுச்சு, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். அதற்கு மேல் என்னால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். ஏழு மாதத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

எத்தனை நாள் தாங்கும் என்று என் கணவர் அந்த அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா மழுப்பவில்லை. வருஷக்கணக்கில் நன்றாக இருக்கிறவர்களும் இருக்கிறார்கள், சிலருக்குச் சீக்கிரமே ஜீன் வேறு இடத்தில் மாறி மாத்திரை கேட்காமல் போகிறது, அப்படி மாறினால் மறுபடி சாம்பிள் அனுப்புங்கள், எங்கே மாறியது என்று தேடுவோம், அதற்கும் புது மாத்திரைகள் வந்துகொண்டிருக்கின்றன என்றார். "அப்ப சர்வீஸ் பண்ணிக்கிட்டே இருக்கணும்" என்று இவர் தலையாட்டினார். கிளம்பும்போது அதிகாரி அந்த லிஃப்டில் ஏறத் தயங்கினார். என் கணவர் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, நான் கியாரண்டி என்றார்.

அதன் பிறகு நிலையத்துக்கு வந்தோம். காணாமல் போனவர் எந்த நிலையில் கிடைத்தார் என்ற இடத்தில் அதிகாரி "பூரண நலத்துடன்" என்று எழுதினார். நான் நிறுத்தச் சொன்னேன். ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை, வியாதி போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை, பொய் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அப்படியானால் "நோயுற்ற நிலையில்" என்று எழுதட்டுமா என்று கேட்டார். மூன்று மாடி ஏறியவரையா என்று சண்டைக்குப் போனேன். பேனாவை என்னிடமே நீட்டி, நீங்களே சொல்லுங்களம்மா என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பெஞ்சில் உட்காராமல், நிலையத்துச் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்ச் ஏன் கரகரக்கிறது என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதில் எழுதியிருப்பது முழுவதும் என் வாயால் வந்தது, நடந்தது நடந்தபடி. எனக்கு வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் "பூரண நலத்துடன்" என்பதை அடித்து, "இன்றைய தேதியில் நலத்துடன்" என்று திருத்தியிருப்பது நான் கேட்டுச் செய்தது. பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து.