ஸ்டிக்கரில் எழுதியது

ஸ்டேஷன் சாயா நன்றாக இருக்கிறது, சார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பத்தொன்பது வருடமாக பேட்டரி வேலை பார்க்கிறேன். இப்போது ஏழெட்டு வருடமாக, பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து நல்ல செல்களைப் பொறுக்கிப் புது பேட்டரி பேக் கட்டுகிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பச்சை போர்டு வைப்பேன். சார்ஜ் அளவு மீறினாலும், கரண்ட் அதிகம் இழுத்தாலும் அது துண்டித்துவிடும். அது இல்லையென்றால் செல் சூடேறித் தீப்பிடிக்கும். இது எனக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஜிதின் எங்கள் தெருக்காரன், கல்யாண வீடியோ எடுப்பவன். இந்த 2008 மே மாதம், அவனுடைய லைட்டுக்கு நான் கட்டிய பேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

“தாலி கெட்டுற நேரத்துல லைட்டு கட்டாயிருச்சு, பிச்சையண்ணா. பெண்ணோட அச்சன் எல்லாரும் கேக்க என்னைக் கண்டபடி சீத்த பறஞ்சாரு.”

லைட் இழுத்த கரண்டுக்கு போர்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. அதைவிடப் பெரிய போர்டு சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகும். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே இன்னொரு கல்யாணம். பிச்சை கட்டிய பேக் சரியில்லை என்று பக்கத்து ஜூ டவுன் கடைகள் வரைக்கும் பேச்சாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது, சார். போர்டைக் கழற்றிவிட்டு செல்லிலிருந்து நேராக வயர் கொடுத்தேன். லைட் ஜம்மென்று எரிந்தது.

அதற்காக நான் பொறுப்பில்லாதவன் இல்லை. வெள்ளை ஸ்டிக்கரில் தெளிவாக எழுதி ஒட்டினேன்: ‘போர்டு இல்லை. ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது.’

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. திங்கட்கிழமை மத்தியானம் பேக்கைச் சார்ஜில் போட்டுவிட்டு ஜிதின் வில்லிங்டன் தீவுக்குப் போனான். அவன் மனைவி சுமாவும் கைக்குழந்தையும் அதே அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் நிறைந்த பிறகும் அதை நிறுத்த எதுவும் இல்லை. புகைக்குள் புகுந்து இருவரையும் வெளியே தூக்கி வந்தவன் நான்தான். இருவருக்கும் உயிர் இல்லை. நான் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த மொழியில் எழுதினாய் என்று கேட்கிறீர்கள். தமிழில். ஜிதின் வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம். தமிழில் அவனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. எனக்கு இரண்டும் எழுத வரும். மலையாளத்தில் எழுதியிருந்தால், பேக்கை என் கடையிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பான்.

அன்று பேக்கை வாங்கிக்கொண்டு போகும்போது ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தான். “இது எந்தா அண்ணா எழுதியிருக்கு?” என்று கேட்டான்.

“கடைப் பேரு” என்றேன்.